லாபத்தை யார் மூடுவது

அந்தக் கடைக்குள் நுழைந்தால் முதலில் தும்மல் வரும், பிறகுதான் வணக்கம் வரும். சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மிளகாய், மல்லி, பருப்பு, அரிசி என்று சாப்பாட்டுக் கடைகளுக்கு மொத்தமாக அனுப்பும் மளிகைக் கடை அது. எண்பதுகளின் பின்பாதியில் நான் கம்ப்யூட்டர் விற்கும் ஒரு சின்ன கம்பெனியில் ரிப்பேர் வேலை பார்த்தேன். ஜாலான் புசாரில், இரும்புச் சாமான் கடை ஒன்றின் மாடியில் எங்கள் ஆபீஸ். அங்கிருந்து அந்தக் கடைக்கு நடந்தே போய்விடலாம். போன் வந்தால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பேன். அவர்கள் கம்ப்யூட்டர் வாங்கிய வருஷம், தீபாவளிக்குப் பிறகு நான் நடந்த நடைக்கு இரண்டு ஜோடிச் செருப்பு தேய்ந்தது.

எனக்கு அப்போதெல்லாம் மூக்கின் மேல் கோபம். கையில் ஸ்க்ரூடிரைவரோடு ஒரு பெண் உள்ளே வந்தால், "மெக்கானிக் எங்கம்மா, பின்னாடி வர்றாரா?" என்று எல்லாரும் வாசலை எட்டிப் பார்ப்பார்கள். "நான்தான் மெக்கானிக்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன். இந்தக் கடையிலும் முதல் நாள் அப்படித்தான் ஆயிற்று. கேட்டவர் பெரிய முதலாளி. ஐம்பதைத் தாண்டியவர், வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. கீழே கல்லாவில் உட்கார்ந்திருப்பார். மாடியில் ஆபீஸ் அறையில் அவருடைய தம்பி, சின்ன முதலாளி. கழுத்தில் டை கட்டுவார், ஏசி வைத்திருப்பார். கடைக்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று வாங்கியவர் அவர்தான். அவர்களுடைய அப்பா வைத்த கடை. அப்பா போன பிறகு இருவரும் சேர்ந்து நடத்தினார்கள்.

மூன்றாவது ஆள் பெரியவரின் மனைவி. சின்னவருக்கு அண்ணி. கடையில் வேலை செய்பவர்களுக்கும், லாரிக்காரருக்கும், ஏன், எதிர்வரிசைப் பூக்கடைக்காரருக்கும்கூட அவர் அண்ணிதான். நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

கம்ப்யூட்டரும் மூன்று. மாடியில் ஒன்று, அதில்தான் கணக்கு முழுக்க இருக்கும். கல்லாவில் ஒன்று. மூன்றாவதைச் சரக்கு இருப்பு எழுத என்று உள்ளறையில் வைத்தார்கள். சரக்கு பார்க்கும் ஆள் அதைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், சாமி படங்களுக்குப் பக்கத்தில் அது சும்மா கிடந்தது. மூன்றையும் கறுப்பு ஒயர் ஒன்று கோத்திருந்தது. மாடியில் தொடங்கி, படி ஓரமாக இறங்கி, கல்லாவைத் தொட்டு, பருப்பு மூட்டைகளுக்குப் பின்னால் போய் உள்ளறையில் முடியும்.

கம்ப்யூட்டர் வைத்த அன்று நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்து, மானிட்டர் ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்தார்கள். முதல் கணக்கை நான் டைப் செய்ய உட்கார்ந்தேன். யாராவது பெரிய வாடிக்கையாளர் பெயரைச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். அண்ணி என் தோளுக்குப் பின்னால் நின்று, "ஒண்ணாம் நம்பர்ல லாபம்னு போடும்மா" என்றார். போட்டேன். லாபக் கணக்கு ஒன்று எல்லாக் கடையிலும் இருக்கும்தானே. "எவ்வளவுன்னு போடட்டும்?" என்று கேட்டேன். "ஒண்ணும் போடாதே. லாபம்னு மட்டும் இருந்தா போதும்" என்றார். வாடிக்கையாளர் கேட்டால் செய்வது என் வேலை. இரண்டாம் நம்பரிலிருந்து மற்ற கணக்குகள் ஏறின.

பிறகு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். பெரியவர் கீபோர்டைச் சூடான தோசைக்கல் போலத் தொட்டார். சின்னவர் தனக்கு எல்லாம் தெரியும் என்று தலையாட்டிக்கொண்டே இருந்ததால் எதையும் காதில் வாங்கவில்லை. கேள்வி கேட்டவர் அண்ணி ஒருவர்தான். "இது ஏம்மா கொஞ்ச நேரத்துல தானா மூடிக்குது?" என்று கேட்டார். கணக்கைப் பார்க்கத் திறந்துவிட்டு அப்படியே விட்டால் ப்ரோகிராம் தானாக மூடிவிடும் என்று விளக்கினேன். "மூடாம இருக்க வழி இல்லையா?" என்றார். திருத்துவதற்கான எழுத்தை அமுக்கினால் மூடாது, நாம் முடிக்கும்வரை காத்திருக்கும் என்று காட்டினேன். "கெட்டிக்காரப் பொண்ணு" என்று கன்னத்தைக் கிள்ளினார். அன்று ரொம்பப் பெருமையாக வீட்டுக்குப் போனேன்.

தீபாவளிவரை என்னைக் கூப்பிடும் அளவுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. தீபாவளி முடிந்த கையோடு போன் வந்தது. பில் போட முடியவில்லையாம். போய்ப் பார்த்தேன். கல்லா மானிட்டரில் ஒரு வரி நின்றது. ஃபைல் இன் யூஸ் பை அனதர் யூஸர்.

"என்னம்மா சொல்லுது இது?" என்றார் பெரியவர்.

"வேற யாரோ இந்த ஃபைலைப் பயன்படுத்துறாங்கன்னு சொல்லுதுண்ணே. அவங்க வெளிய வந்தாத்தான் நீங்க உள்ள போகலாம்."

"வேற யாரோவா?" என்று கேட்டவர், மெதுவாகத் தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தார். கூரைக்கு மேலே தம்பியின் நாற்காலி கிறீச்சென்றது.

மாடிக்குப் போனேன். அங்கேயும் அதே வரி நின்றது. சின்னவர் டையைத் தளர்த்திக்கொண்டு, "அனதர் யூஸர். யாருன்னு நான் சொல்லணுமா? கீழ உக்காந்துக்கிட்டு என் கணக்கைத்தான் நோண்டிக்கிட்டு இருக்காரு. நான் என்ன திருடனா?" என்றார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். தரைக்குக் கீழே அண்ணனின் தலை இருக்கும்.

கடை ஆட்களிடம் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. தீபாவளி அன்று இருவருக்கும் வாய்ச்சண்டை. அங் மோ கியோவில் புதிதாக ஒரு கடை எடுத்து, சாமான்களை அலமாரித் தட்டுகளில் அடுக்கி, ஜனங்கள் தாங்களே எடுத்துக்கொள்கிற மாதிரி நடத்தலாம் என்று தம்பி சொன்னார். அப்பா வைத்த கடையைவிட்டு ஓர் அடி நகர மாட்டேன் என்று அண்ணன் சொன்னார். அன்றிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. பேச வேண்டியது இருந்தால் அண்ணியிடம் சொல்வார்கள். அண்ணி படியேறிப் போய்ச் சொல்லிவிட்டு, பதிலோடு இறங்குவார். ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த இடத்தில், உன் கணக்கில் வேறொருவன் கைவைத்திருக்கிறான் என்று கம்ப்யூட்டர் வேறு எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது.

நான் என் வேலையைப் பார்த்தேன். ஒயரில் கைவைப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும் என்பது ஆபீஸ் விதி. மெயின் சுவிட்சை இறக்கினேன். கடை இருண்டது. டார்ச்சோடு ஒயரின் ஒவ்வொரு முனையையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். உள்ளறை வரைக்கும் போய்க் கடைசி முனையையும் பார்த்தேன். அங்கே மூன்றாவது கம்ப்யூட்டர், ஜரிகைக் கரை வைத்த பழைய பட்டுத்துணி உறைக்குள் சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது. மிளகாய்த் தூசி ஆகாது, மூடி வையுங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். சொன்ன பேச்சைக் கேட்கிற ஒரே ஆள் அண்ணிதான் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்து மெயினை ஏற்றினேன். எல்லாம் ஒழுங்காக ஓடியது. பெரியவர் பில் போட்டார், சின்னவர் கணக்குப் பார்த்தார். அண்ணி எனக்குக் கோப்பியும் முறுக்கும் கொடுத்தார்.

மறுநாள் காலையில் போன் வந்தது.

இப்படியே நடந்துகொண்டிருந்தது. காலையில் போன் வரும். மற்ற வேலைகளை முடித்துவிட்டு மத்தியானம் போவேன். மெயினை இறக்குவேன், துடைப்பேன், ஏற்றுவேன். சரியாகிவிடும். மறுநாள் காலையில் மறுபடி போன். ஒயரை மாற்றினேன். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கார்டுகளை மாற்றினேன். எலி கடித்திருக்குமோ என்று மூட்டைகளுக்குப் பின்னால் தவழ்ந்து தேடினேன். ஒரு சனிக்கிழமை நவநாள் ஜெபத்தில் மாதாவிடம், அந்தக் கடையின் ஃபைலை மட்டும் விடுவித்துவிடும்படி மனமுருகி வேண்டினேன். பக்கத்தில் இருந்த என் அம்மா, யாரையோ நினைத்து உருகுகிறேன் என்று எண்ணி, வீட்டுக்கு வந்ததும் பையன் யார், என்ன வேலை என்று குடைந்தார்.

நான் போகும் நேரத்தில் வாசலில் லாரி நிற்கும். மூட்டை இறக்குகிறவர் உரக்க எண்ணிக்கொண்டே தோளில் சுமந்து உள்ளே போடுவார். "லாபம், ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணுவார். என்ன கணக்கு இது என்று ஒரு கணம் தோன்றும். தும்மல் வரும். மறந்துவிடுவேன். எங்கள் வீட்டில் அப்பா துறைமுகத்தில் வேலை, அம்மா பள்ளிக்கூடத்தில். யாரும் எதையும் அளந்து விற்றதில்லை.

கடைசியில் என் முதலாளியிடம் போய் நின்றேன். அவர் சீனர், நல்லவர், பொறுமைக்கும் அவருக்கும் ரொம்ப தூரம். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஐயோ, வை ஷேர்? ஸ்ப்ளிட் லா. டூ காப்பி, டூ பிரதர், ஃபினிஷ்" என்றார் சிங்கப்பூர் இங்கிலீஷில். ஆளுக்கொரு நகல் கொடுத்துவிட்டால் ஒருவர் ஃபைலில் இன்னொருவர் நுழைய முடியாது, எரரும் வராது. வேலை என்று பார்த்தால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

அதே நேரத்தில் சின்னவர் என்னை மாடிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசைமேல் பிரிக்காத ஃப்ளாப்பிப் பெட்டி ஒன்று இருந்தது. "அங் மோ கியோ கடைக்கு முன்பணம் பேசிட்டேன். அண்ணனுக்கும் துண்டுச்சீட்டுல எழுதி அனுப்பினேன், சரின்னு எழுதிட்டாரு. பாதி வாடிக்கை எனக்கு, பாதி அவருக்கு. கணக்கை ரெண்டாப் பிரிச்சுக் குடுத்துரும்மா. வர்ற வெள்ளிக்கிழமை. அண்ணிக்கு மட்டும் தெரிய வேணாம்."

"அவங்ககிட்ட ஏன் சொல்லலை?"

அவர் டையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அவருடைய சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டதாகவும், அவரைப் பள்ளிக்கூடத்துக்குத் தலைவாரி அனுப்பியது அண்ணிதான் என்றும் கடை ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒயர் ரிப்பேருக்கு வந்தவள் ஒரு குடும்பத்தைப் பாதியாக வெட்டிக் கொடுக்கப் போகிறேன். அதற்குச் சர்வீஸ் சார்ஜ் வேறு.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன் பிரித்து முடித்துவிட வேண்டும் என்று இருவரும் சொல்லியனுப்பியிருந்தார்கள். பேசிக்கொள்ளாத இருவரும் பஞ்சாங்கத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். அதனால் அன்று முதல்முறையாகக் காலையிலேயே போனேன். ஒயரில் வேலை இல்லை என்பதால் மெயினையும் இறக்கவில்லை.

பெரியவர் மாடிக்கு வந்தார். அந்த அறைக்கு அவர் வந்து எத்தனையோ நாளாகியிருக்கும். ஏசியின் குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு மூலையில் நின்றார். தம்பி இன்னொரு மூலையில். நான் நடுவில். கணக்கை நகல் எடுக்க வேண்டுமானால் ஃபைலுக்குள் யாருமே இருக்கக் கூடாது. கல்லாக் கம்ப்யூட்டரை நானே அணைத்துவிட்டு வந்திருந்தேன். ஃப்ளாப்பியைச் செருகி, பட்டனை அமுக்கினேன்.

ஃபைல் இன் யூஸ் பை அனதர் யூஸர்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அமுக்கினேன். அதேதான் வந்தது.

பெரியவர் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார். இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"நான் இங்கதான் நிக்கிறேன்" என்றார் பெரியவர், கட்டியிருந்த கைகளை விரித்துக் காட்டி.

"நானும் இங்கதான் நிக்கிறேன்" என்றார் சின்னவர்.

"அப்ப யாருடா அது?" என்று பெரியவர் தம்பியிடம் கேட்டார்.

நேராக இருவரும் ஒருவரிடம் ஒருவர் பேசி எத்தனை வாரம் ஆயிற்றோ. அந்த நேரத்தில் அதை அவர்களே கவனிக்கவில்லை. எனக்கு வந்ததே கோபம். இத்தனை நாள் தவழ்ந்த தவழல், தும்மிய தும்மல் எல்லாம் சேர்ந்து மண்டைக்கு ஏறியது. "இன்னைக்கு அந்த ஆளைக் கையோட பிடிக்கிறேன்" என்று சொல்லி, ஒயரைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன்.

ஒயரோடு படியிறங்கினேன். பின்னால் பெரியவர், அவர் பின்னால் சின்னவர். கல்லாவைத் தாண்டினோம். பருப்பு மூட்டைகளுக்குப் பின்னால் நான் குனிந்தேன். அவர்களும் குனிந்தார்கள். வாசலில் லாரி வந்து நின்றிருந்தது. மூட்டை இறக்குகிறவர், முதலாளிகள் இருவரும் டையும் விபூதியுமாக மூட்டைச் சந்தில் தவழ்வதைப் பார்த்துத் திகைத்து நின்றார். பிறகு அது தன் வேலை இல்லை என்று முடிவு செய்து, "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணத் தொடங்கினார்.

லாபம் என்ற சத்தம் காதில் விழுந்ததும் என் கை ஒயரின் மேல் அப்படியே நின்றது. முகத்தைத் திருப்பி, "அவர் ஏன் ஒண்ணுன்னு சொல்ல மாட்டேங்கிறாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுன்னு எப்படிச் சொல்றது? முதல் மூட்டைக்கு லாபம்னுதான் சொல்லணும். எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான்" என்றார் பெரியவர், தவழ்ந்தபடியே. ஒன்று என்று சொன்னால் ஒன்றோடு நின்றுவிடுமாம். லாபத்தில் தொடங்கினால் வளருமாம்.

ஒயர் உள்ளறையில் முடிந்தது. சாமி படங்களுக்கு முன்னால் விளக்கு எரிந்தது. பக்கத்தில் பட்டு உறை போட்ட கம்ப்யூட்டர். உறையின் அடிப்பக்கத்தில் மெல்லிய பச்சை வெளிச்சம் கசிந்தது. இத்தனை நாளும் மெயினை இறக்கிவிட்டு வந்ததால் நான் பார்க்காத வெளிச்சம். உறையைத் தூக்கினேன்.

ஒண்ணாம் நம்பர் கணக்கு திறந்திருந்தது. லாபம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கர்சர் விட்டு விட்டு மினுக்கியது. திருத்துவதற்காகத் திறந்த கணக்கு. ஒருவர் திருத்திக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் கைவைக்கக் கூடாது என்று அந்த ப்ரோகிராம் மொத்த ஃபைலையும் பூட்டிவிடும். அதன் வேலையை அது ஒழுங்காகத்தான் செய்திருந்தது.

"அதைத் தொடாதே!"

அண்ணி கோப்பித் தட்டோடு வாசலில் நின்றார்.

"அண்ணி, இதை நீங்களா திறந்து வச்சீங்க?"

"பின்ன? தினமும் விளக்கேத்துனதும் லாபத்தைத் திறந்து வச்சிருவேன். தானா மூடாம இருக்க எந்த எழுத்தை அமுக்கணும்னு நீதானே சொல்லிக் குடுத்தே."

முதலாளிகள் இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் விளக்கைப் பார்த்தேன்.

"எப்பலேருந்து?" என்றார் பெரியவர்.

"தீபாவளிலேருந்து. அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்துன நாள்லேருந்து" என்றார் அண்ணி. தட்டை மூட்டையின் மேல் வைத்தார். வைத்த வேகத்தில் கோப்பி தட்டில் சிந்தியது. "கடை ஒண்ணா இருக்கணும், யாரும் மூடிட்டுப் போயிறக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத் திறந்து வச்சேன். சாயந்திரம் நீங்க மெயினை இறக்குறீங்க, அது வேற. என் கையால ஒரு நாள்கூட மூடலை."

நான் மெதுவாக விளக்கினேன். இவர் லாபத்தைத் திறந்து வைத்ததால் மற்ற இருவரும் உள்ளே போக முடியவில்லை. உள்ளே போக முடியாததால் அண்ணன் தம்பியைச் சந்தேகப்பட்டார், தம்பி அண்ணனைச் சந்தேகப்பட்டார். அண்ணியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று எனக்கே கஷ்டமாகிவிட்டது. சண்டை தீர வேண்டும் என்று அவர் செய்த ஒரே காரியம், தினமும் காலையில் சண்டையைப் புதிதாக மூட்டிவிட்டிருக்கிறது.

சின்னவர் தொண்டையைக் கனைத்தார். "சரி அண்ணி, தெரியாம நடந்துபோச்சு. இப்ப அதை மூடிருங்க. கொஞ்சம் வேலை இருக்கு."

"என்ன வேலை?"

சின்னவர் டையைச் சரிசெய்தார், பெரியவர் விளக்குத் திரியைத் தூண்டினார்.

"கணக்கை ரெண்டாப் பிரிக்கிற வேலைதானே? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? பெட்டியையும் துண்டுச்சீட்டையும் மேசைமேல போட்டு வச்சா, அறையைக் கூட்டுறவளுக்குத் தெரியாதா?" அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நான் மூட மாட்டேன். பிரிக்கணும்னா நீங்களே மூடிக்குங்க. ஒரு எழுத்துத்தானே. அமுக்குங்க."

பெரியவர் தம்பியைப் பார்த்து, "நீதானே பிரிக்கணும்னு சொன்னே. நீ அமுக்கு" என்றார்.

"நீங்க மூத்தவங்க. நீங்க அமுக்குங்கண்ணே."

"எங்கப்பா வச்ச லாபத்தை நான் மூடவா?"

"எனக்கு மட்டும் அவர் அப்பா இல்லையா?"

டை கட்டியவரும் விபூதி பூசியவரும் அந்தக் கீபோர்டிலிருந்து ஒரே அளவு தூரம் பின்னால் நகர்ந்தார்கள். ஒரு விரல்கூட நீளவில்லை. பிறகு, இருவருக்கும் ஒரே நேரத்தில் அந்த யோசனை வந்தது. இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீ அமுக்கும்மா" என்றார் பெரியவர் ரொம்பக் கனிவாக. "நீ வேற சாமி. உனக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆமா, உங்களுக்கு இதெல்லாம் கிடையாதுல்ல. சும்மா ஒரு பட்டன்தானே லா" என்றார் சின்னவர்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "உங்க லாபத்தை மூடுறதுக்கு எங்க சாமியைக் கூப்பிடாதீங்க! எனக்கு ஒயர் மாத்தத் தெரியும், கார்டு மாத்தத் தெரியும். இதுக்கு நான் வரலை. அண்ணனும் தம்பியும் பிரியணும்னா தைரியமா நீங்களே அமுக்கிப் பிரிங்க. முடியலைன்னா பேசாம ஒண்ணா இருங்க!" என்று கத்திவிட்டேன். வாசலில் மூட்டை எண்ணும் சத்தம் நின்றுபோனது.

என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். வாடிக்கையாளரிடம் கத்தக் கூடாது என்பதும் ஆபீஸ் விதிதான்.

அண்ணி மட்டும் பேசினார். "வேற யாரோ உள்ள இருக்காங்கன்னு அந்தக் கம்ப்யூட்டர் தினம் தினம் சொல்லியிருக்கு. யாருன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? நீ ஒரு தரம் படியிறங்கி வந்து, 'அண்ணே, நீங்களா?'ன்னு கேட்டிருந்தா, 'நான் இல்லடா'ன்னு சொல்லியிருப்பாரு. அப்புறம் ரெண்டு பேரும் என்கிட்ட வந்திருப்பீங்க. இந்தப் படியில நான்தான் ஏறி இறங்கிக்கிட்டு இருக்கேன். எனக்கு முட்டி வலிக்குதுப்பா."

அதைச் சொன்னதும் அவர் அழுதுவிட்டார். சின்னவர் வேகமாக வந்து ஒரு மூட்டையை இழுத்துப் போட்டு அண்ணியை உட்கார வைத்தார். தானும் தரையில் உட்கார்ந்தார். டை தரையில் புரண்டது. பெரியவர் மேலே சுவரிலிருந்த கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"பத்தரை ஆயிருச்சு. ராகு காலம்" என்றார்.

அவர் குரலில் இருந்த நிம்மதியை நான் சத்தியமாகக் கேட்டேன். தம்பியும் உடனே, "ஆமாண்ணே, இனிமே இன்னைக்கு ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

பெரியவர் நேராக வாசல் பக்கம் போய், தினமும் சாயந்திரம் செய்வதைப் போல மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினார். மானிட்டரில் லாபம் மறைந்தது. யாருடைய கையும் அதை மூடவில்லை. சாமி விளக்கு மட்டும் எரிந்தது. "இன்னைக்குக் கடை அரை நாள் லீவு" என்று லாரிக்காரரிடம் சொல்லிவிட்டு வந்து, தம்பிக்குப் பக்கத்தில் இருந்த மல்லி மூட்டையில் உட்கார்ந்தார். ஆறிப்போன கோப்பியை ஆளுக்கொன்றாகக் குடித்தோம். கொஞ்ச நேரம் கழித்து, "அங் மோ கியோ கடைக்கு வாடகை எவ்வளவு கேக்குறான்?" என்று பெரியவர் கேட்டார். தம்பி சொன்னார். "கொள்ளையடிக்கிறான்" என்றார் பெரியவர். "நாம ரெண்டு பேருமாப் போய்ப் பேசினா குறைப்பான்." தம்பி கோப்பையைக் காலி செய்து தரையில் வைத்தார். பிறகு எழுந்து மாடிக்குப் போய் அந்த ஃப்ளாப்பிப் பெட்டியை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். "இது எங்களுக்கு வேணாம்மா. நீயே வச்சுக்க" என்றார்.

மறுநாள் போய் இரண்டு வேலைகள் செய்தேன். ஒண்ணாம் நம்பர் கணக்கை ப்ரிண்டரில் அடித்து, லாபம் என்று ஒரே ஒரு சொல் இருந்த அந்தத் தாளை அண்ணியிடம் கொடுத்தேன். பேப்பரில் இருப்பதை யாராலும் மூட முடியாது என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்தார், ஒப்புக்கொண்டார். ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருந்த அந்தத் தாளுக்கு மஞ்சள் தடவி, ஃப்ரேம் போட்டு, சாமி படங்களோடு மாட்டினார்.

இரண்டாவது வேலை சின்னது. அந்த ப்ரோகிராமில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு பெயர் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் அனதர் யூஸர் என்று காட்டும். எந்தக் கடையிலும் யாரும் கொடுப்பதில்லை. நான் மூன்றுக்கும் பெயர் கொடுத்தேன். கீழே இருப்பது அண்ணன், மேலே இருப்பது தம்பி, உள்ளே இருப்பது அண்ணி.

நான் கிளம்பும்போதே மாடியில் எரர் விழும் டிங் சத்தம் கேட்டது. சின்னவர் படியின் உச்சிக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, ஃபைல்ல நீங்களா?"

"ஆமாண்டா, இரு. ஒரு பில்லுத்தான்."

"சரிண்ணே, முடிச்சிட்டுச் சொல்லுங்க."

"வேலை முடிஞ்சுதா?" என்று என் முதலாளி கேட்டபோது என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவர் உள்ளே எழுதிக்கொண்டிருந்தால் இன்னொருவர் காத்திருக்கத்தான் வேண்டும், அந்த ப்ரோகிராம் அப்படித்தான், அதை என்னால் மாற்ற முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த எரருக்காக அந்தக் கடையிலிருந்து எனக்கு ஒரு போனும் வரவில்லை. எரர் மட்டும் தினமும் வந்துகொண்டுதான் இருந்தது.